அமெரிக்காவில் துப்பாக்கியை வாங்கும்போதும் விற்கும்போதும்: புதியவர்கள் எழுதி வைக்க வேண்டியவை

ஊரில் பழைய பைக்கை விற்றவர்களுக்கு ஒரு கவலை தெரிந்திருக்கும். பணத்தை வாங்கிச் சாவியைக் கொடுத்தாயிற்று. வாங்கியவரோ ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றவே இல்லை. ஆறு மாதம் கழித்து அந்த வண்டி எங்காவது விபத்தில் மாட்டினால் போலீஸ் முதலில் வந்து நிற்பது நம் வீட்டு வாசலில்தான். அமெரிக்காவில் துப்பாக்கியை விற்பவருக்கும் இதே கவலை உண்டு. ஆனால் இங்கே பெரும்பாலான மாநிலங்களில் துப்பாக்கிக்கு ஆர்.சி. புத்தகம் என்று ஒன்று கிடையாது. பெயர் மாற்றித் தருகிற அலுவலகமும் கிடையாது. கைமாறியதற்குச் சாட்சி, நீங்கள் எழுதி வாங்கிப் பத்திரப்படுத்தும் தாள் மட்டும்தான்.

நான் டெக்சாஸில் இருக்கிறேன். கிரீன் கார்டு வந்த பிறகு முதல் துப்பாக்கியை வாங்கினேன், சில வருடம் கழித்து அதை ஒருவருக்கு விற்றேன். அந்த விற்பனையில் நான் விட்ட ஒரு தவறுதான் இதை எழுத வைத்தது. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் விசா.

விசாவில் இருப்பவர்கள் இதை முதலில் படியுங்கள்

ஹெச்-1பி, ஹெச்-4, எல்-1, எஃப்-1 எல்லாமே குடியேற்றம் சாராத விசாக்கள். அப்படிப்பட்ட விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. டெக்சாஸ் சட்டம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் இது மாறாது. சட்டத்தில் சில விலக்குகள் உண்டு. நம்மவர்களுக்குப் பொருந்தக்கூடியது ஒன்று: ஏதாவது ஒரு அமெரிக்க மாநிலம் முறையாகக் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருக்க வேண்டும். உரிமம் முடிந்த அன்றே விலக்கும் முடிந்துவிடும்.

அலுவலக நண்பர்கள் சனிக்கிழமை துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குக் கூப்பிடுவார்கள். அங்கே வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் "வைத்திருப்பது" என்ற கணக்கில்தான் சேரும். விசாவில் இருப்பவருக்கு இதில் வரும் ஆபத்து சிறையோடு முடியாது. துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் நாடு கடத்தவும் முடியும். சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுத்துக் கேட்டுவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள்.

கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. மற்ற தடைகள் குடிமக்கள் உட்பட எல்லோருக்கும் பொது. ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கக்கூடிய குற்றத்தில் தண்டனை பெற்றவர்கள், தேடப்படுபவர்கள், குடும்ப வன்முறைக்காகத் தண்டனை பெற்றவர்கள் அல்லது அதற்கான நீதிமன்றத் தடையாணை உள்ளவர்கள், சட்டவிரோதமாகப் போதைப்பொருள் பயன்படுத்துபவர்கள் ஆகியோர் இந்தப் பட்டியலில் வருவார்கள். கஞ்சாவை மாநிலம் அனுமதித்திருக்கலாம். அதனால் மத்தியச் சட்டம் மாறிவிடாது என்று கடைப் படிவத்திலேயே எச்சரித்திருக்கிறார்கள்.

கடையில் வாங்கும்போது: படிவம் 4473

துப்பாக்கிக் கடைக்கு மத்திய உரிமம் வேண்டும். அந்த உரிமம் பெற்றவரை இங்கே எல்லோரும் எஃப்.எஃப்.எல். என்று சொல்வார்கள். உரிமம் தருவதும் மேற்பார்ப்பதும் ஏ.டி.எஃப். என்ற மத்திய அமைப்பு. 1968 ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம்தான் இதற்கெல்லாம் அடிப்படை.

கடைக்காரர் முதலில் புகைப்பட அடையாள அட்டை கேட்பார். அதில் இப்போது குடியிருக்கும் முகவரி இருக்க வேண்டும். நம்மவர்கள் வீடு மாறிக்கொண்டே இருப்போம். ஓட்டுநர் உரிமத்தில் பழைய அபார்ட்மென்ட் முகவரி அப்படியே கிடக்கும். புது முகவரி அச்சான வாகனப் பதிவுச் சான்று மாதிரி இன்னொரு அரசு ஆவணம் இருந்தால் சேர்த்துக் காட்டலாம். அதுவும் இல்லையென்றால் உரிமத்தை மாற்றிக்கொண்டு அப்புறம் போங்கள்.

பிறகு 4473 என்ற படிவத்தை முன்னால் வைப்பார். அதை உங்கள் கையால் நீங்களே நிரப்ப வேண்டும். இதில் தமிழர்கள் தடுக்கி விழும் இடம் பெயர்தான். அப்பா பெயர் கடைசிப் பெயராக ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது இனிஷியல் மட்டும் இருக்கும். அடையாள அட்டையில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள். நடுப்பெயர் இல்லையென்றால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடக்கூடாது, "என்.எம்.என்." என்று எழுத வேண்டும். பெயரின் ஒரு பகுதி வெறும் இனிஷியல்தான் என்றால் அந்த எழுத்தை எழுதி, பக்கத்தில் "ஐ.ஓ." என்று குறிக்க வேண்டும். இதற்கான விளக்கம் படிவத்திலேயே உண்டு.

முகவரி வரிசையில் கவுன்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) என்று ஒரு கட்டம் வரும். அவசரத்தில் அதைக் கன்ட்ரி என்று படித்துவிட்டு யு.எஸ்.ஏ. என்று எழுதுபவர்கள் ஏராளம். நானும் அப்படித்தான் எழுதினேன். கடைக்காரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, விரலால் அந்தக் கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். அவர் பொறுமையானவர். ஏ.டி.எஃப். ஆய்வாளர் பின்னாளில் வந்து புரட்டும்போது இந்த மாதிரி பிழை கடையின் கணக்கில்தான் விழும். அதனால்தான் நல்ல கடைக்காரர்கள் ஒவ்வொரு எழுத்தையும் பார்க்கிறார்கள். எரிச்சல் படாதீர்கள்.

குடிமகன் அல்லாதவர்கள் கிரீன் கார்டில் இருக்கும் ஏ-எண்ணையோ, நாட்டுக்குள் நுழைந்த பதிவான ஐ-94 இன் எண்ணையோ எழுத வேண்டும். கிரீன் கார்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

அடுத்து வருகிற ஆம்-இல்லை கேள்விகளில் மிக முக்கியமானது: உண்மையில் வாங்குவது நீங்கள்தானா? மச்சானுக்காகவோ நண்பனுக்காகவோ அவர் கொடுத்த பணத்தில் வாங்கிக்கொண்டு "ஆம்" என்று எழுதினால் அது பொய் வாக்குமூலம். வாங்கப்போகிறவரும் தகுதியுள்ளவர்தானே என்ற வாதம் எடுபடாது. அதற்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது. வர்ஜீனியாவில் ஆப்ராம்ஸ்கி என்ற முன்னாள் போலீஸ்காரர், பென்சில்வேனியாவில் இருந்த தன் மாமாவின் காசோலையை வாங்கிக்கொண்டு ஒரு கிளாக் கைத்துப்பாக்கியை வாங்கினார். பிறகு பென்சில்வேனியாவில் உரிமம் பெற்ற கடை வழியாகவே அதை மாமாவுக்கு மாற்றினார். மாமா பின்னணிச் சோதனையிலும் தேறினார். ஆனாலும் முதல் கடையில் "வாங்குவது நான்தான்" என்று எழுதியது குற்றம் என்று 2014 இல் 5-4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. 2022 இல் இப்படிப் பினாமியாக வாங்குவதற்குத் தனிச் சட்டமே போட்டுவிட்டார்கள். 15 ஆண்டு வரை சிறை. உங்கள் சொந்தக் காசில் வாங்கி, தகுதியுள்ள ஒருவருக்கு உண்மையாகவே பரிசாகத் தருவது வேறு விஷயம். அதைப் படிவமே அனுமதிக்கிறது.

படிவம் முடிந்ததும் கடைக்காரர் நிக்ஸ் என்ற பின்னணிச் சோதனைக்குத் தகவல் தருவார். 1998 நவம்பரில் இருந்து எஃப்.பி.ஐ. இதை நடத்துகிறது. சில மாநிலங்கள் தாங்களே நடத்துகின்றன. பதில் மூன்றில் ஒன்றாக இருக்கும்: கொடுக்கலாம், தாமதம், மறுப்பு. நம் பெயர்கள் பலவற்றுக்கு ஒரே மாதிரிப் பெயர்க்காரர்கள் இருப்பதால் தாமதம் வரலாம், பயப்பட வேண்டாம். ஒவ்வொரு முறையும் தாமதமானால், எஃப்.பி.ஐ.யிடம் விண்ணப்பித்து யு.பி.ஐ.என். என்ற தனி எண் வாங்கி, அடுத்த முறை படிவத்தில் அதை எழுதலாம். தவறாக மறுத்துவிட்டால் மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு.

இந்தப் பதிவு எங்கே போகிறது

அரசாங்கத்திடம் ஒரு பெரிய கணினி இருக்கிறது, அதில் நம் பெயரைத் தட்டினால் நம் துப்பாக்கிகள் வந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி ஒன்று இல்லை. மத்திய அரசு அப்படிப் பதிவேடு வைப்பதை 1986 ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சோதனையில் "கொடுக்கலாம்" என்று வந்தவர்களின் விவரங்களை நிக்ஸ் 24 மணி நேரத்துக்குள் அழித்துவிட வேண்டும். ஒரு சில மாநிலங்கள் சொந்தமாகப் பதிவு வைத்திருப்பது வேறு.

நீங்கள் நிரப்பிய 4473 கடையிலேயே இருக்கும். முன்பு 20 ஆண்டு கழித்துக் கடைக்காரர் அதை அழிக்கலாம் என்று இருந்தது. கடை நடக்கும் வரை வைத்திருக்க வேண்டும் என்று 2022 இல் மாற்றினார்கள். இதோடு கடையில் ஒரு வரவு-செலவுப் பேரேடும் உண்டு: எந்தத் துப்பாக்கி, என்ன வரிசை எண், யாரிடமிருந்து வந்தது, யாருக்குப் போனது. கடையை மூடினால் இந்தத் தாள்கள் எல்லாம் மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க் நகரில் உள்ள ஏ.டி.எஃப். தடமறியும் மையத்துக்குப் போய்விடும்.

ஒரு குற்றத்தில் துப்பாக்கி சிக்கினால் போலீஸ் இந்த மையத்திடம் வரிசை எண்ணைக் கொடுக்கும். மையம் தயாரித்த கம்பெனியைக் கேட்கும். கம்பெனி மொத்த வியாபாரியைக் காட்டும். அவர் கடையைக் காட்டுவார். கடைக்காரர் அலமாரியைத் திறந்து உங்கள் 4473 ஐ எடுப்பார். தடம் அங்கே முடிந்துவிடும். அதற்குப் பிறகு நீங்கள் யாருக்கு விற்றீர்கள் என்று உலகத்தில் எந்தத் தாளும் சொல்லாது, உங்களிடம் இருக்கும் தாளைத் தவிர.

நான் விட்ட தவறு இதுதான். ஒரு பழைய ஷாட்கன்னை உள்ளூர்க்காரர் ஒருவருக்கு விற்றபோது ரசீது எழுதினேன், இருவரும் கையெழுத்துப் போட்டோம். ஆனால் அவருடைய ஓட்டுநர் உரிமத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, எண்ணைக் குறிக்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மூன்று வருடம் கழித்துத் துப்பறிவாளர் ஒருவர் போனில் அழைத்தார். அந்தத் துப்பாக்கி திருட்டு கார் ஒன்றில் கிடைத்திருக்கிறது. மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் என் ரசீதில் இருந்த பெயரில் அந்த கவுன்டியில் மட்டும் பல பேர் இருந்தார்கள். வாங்கியவரோடு பேசிய பழைய குறுஞ்செய்திகளைத் தேடி எடுத்து அனுப்பும் வரை, மூன்று நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவரிடமிருந்து அது திருடுபோயிருந்தது என்று பிறகு தெரிந்தது. அந்த எட்டு இலக்க எண்ணை எழுத எனக்குப் பத்து விநாடி ஆகியிருக்கும்.

தனிநபராக விற்கும்போது

முதலில் உங்கள் மாநிலத்தைப் பாருங்கள். டெக்சாஸ், ஜார்ஜியா, வட கரோலினா மாதிரி மாநிலங்களில் ஒரே மாநிலத்தில் வசிக்கும் இரண்டு தனிநபர்கள் கடைக்குப் போகாமலே விற்று வாங்கலாம். கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி, நியூ யார்க், வாஷிங்டன் மாநிலங்களில் முடியாது. தனிநபர் விற்பனைக்கும் பின்னணிச் சோதனை கட்டாயம். கலிஃபோர்னியாவில் கடை வழியாகச் செய்து, பத்து நாள் காத்திருந்துதான் துப்பாக்கியை எடுக்க முடியும். நியூ ஜெர்சியில் கைத்துப்பாக்கி ஒவ்வொன்றுக்கும் வாங்குபவர் தனி அனுமதிச் சீட்டு பெற வேண்டும். பென்சில்வேனியாவில் கைத்துப்பாக்கி என்றால் கடை அல்லது கவுன்டி ஷெரீஃப் அலுவலகம் வழியாகத்தான் போக வேண்டும். இல்லினாயில் வாங்குபவரிடம் ஃபாய்டு என்ற, மாநிலம் தரும் துப்பாக்கி உரிமையாளர் அடையாள அட்டை இருக்க வேண்டும். இந்தச் சட்டங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன, ஆகவே விற்கிற வாரத்தில் மாநில போலீஸ் அல்லது அரசு வழக்கறிஞர் அலுவலகத்தின் தளத்தை ஒரு முறை திறந்து பாருங்கள்.

மத்தியச் சட்டம் எல்லா மாநிலத்துக்கும் பொது. வாங்குபவர் வேறு மாநிலத்தில் குடியிருப்பவர் என்று தெரிந்தோ, அப்படி நம்ப நியாயமான காரணம் இருந்தோ நேரடியாக விற்கக்கூடாது. அவருடைய மாநிலத்துச் சட்டத்தையும் பார்த்து, உரிமம் பெற்ற கடை வழியாகத்தான் போக வேண்டும். டல்லாஸில் இருப்பவர் ஓக்லஹோமா நண்பருக்குக் கொடுப்பதும் இதில் அடங்கும். வாங்கத் தடையுள்ளவர் என்று தெரிந்தோ, சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தோ விற்றால் 15 ஆண்டு வரை சிறை. விசாவில் இருக்கும் அலுவலக நண்பர் ஆசையாகக் கேட்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய விசா நிலை உங்களுக்கு நன்றாகத் தெரியும் என்பதுதான் அங்கே சிக்கல். 18 வயது நிரம்பாதவருக்குக் கைத்துப்பாக்கியை விற்கவே கூடாது.

என் கருத்தைக் கேட்டால், சட்டம் கட்டாயப்படுத்தாத மாநிலத்திலும் கடை வழியாகவே செய்யுங்கள். கட்டணம் கடைக்குக் கடை மாறும், போன் செய்து கேட்டுக்கொள்ளலாம். இருவரும் சேர்ந்து போவீர்கள். கடைக்காரர் துப்பாக்கியைத் தன் பேரேட்டில் வரவு வைப்பார், வாங்குபவர் 4473 நிரப்புவார், சோதனை நடக்கும். முடிவு வரும் வரை நீங்கள் கடையிலேயே இருங்கள். மறுப்பு வந்தால் உங்கள் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வீடு திரும்பலாம். இடையில் கிளம்பிப் போய்விட்டால், சொந்தத் துப்பாக்கியைத் திரும்ப வாங்க நீங்களே படிவம் நிரப்பிச் சோதனைக்கு நிற்க வேண்டியிருக்கும். இந்த வழியில் போனால் தடம் உங்களோடு நிற்காமல் வாங்கியவர் வரை நீளும். அதற்கு நாற்பது டாலர் கொடுத்தாலும் தகும்.

நேரடியாகத்தான் விற்கிறீர்கள் என்றால், பகலில், ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் சந்தியுங்கள். தோட்டாக்களை எல்லாம் வெளியே எடுத்து, துப்பாக்கிக்குள் தோட்டா உட்காரும் அறை காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து, திறந்த நிலையிலேயே பெட்டியில் வையுங்கள். உரிமத்தை வாங்கிப் பாருங்கள். டெக்சாஸில் பல விற்பனையாளர்கள் எல்.டி.சி. என்ற, கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்வதற்கான மாநில உரிம அட்டையையும் கேட்பார்கள்; அந்த அட்டை கிடைக்க அவர் ஏற்கெனவே பின்னணிச் சோதனையில் தேறியிருக்க வேண்டும். காட்ட மறுப்பவரிடம், ரசீது வேண்டாம் என்று அவசரப்படுத்துபவரிடம், கூட வந்தவரிடமிருந்து பணத்தை வாங்கித் தருபவரிடம் விற்காதீர்கள். காரணம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

ரசீது

சட்ட நடை எதுவும் வேண்டாம். நான் இப்போது எழுதுவது இவ்வளவுதான்:

"இன்ன தேதியில், இன்ன ஊரில், கீழே குறித்த துப்பாக்கியை விற்றேன். தயாரிப்பாளர், மாடல், வகை, காலிபர், வரிசை எண். விலை இவ்வளவு டாலர். வாங்குபவராகிய நான் இந்த மாநிலத்தில் குடியிருப்பவன். துப்பாக்கி வைத்திருக்க மத்திய, மாநிலச் சட்டம் எதுவும் எனக்குத் தடை விதிக்கவில்லை."

அடியில் இருவரின் பெயர், முகவரி, பிறந்த தேதி, ஓட்டுநர் உரிம எண்ணும் அதைக் கொடுத்த மாநிலமும், கையெழுத்து, நேரம். ஆங்கிலத்தில் இரண்டு பிரதி. வரிசை எண்ணைப் பெட்டியில் இருந்தோ பழைய பில்லில் இருந்தோ பார்த்து எழுதாதீர்கள். துப்பாக்கியின் உலோகத்தில் பொறித்திருப்பதை வெளிச்சத்தில் பிடித்து ஒருவர் படிக்க, மற்றவர் எழுதட்டும். பூஜ்யமும் ஓ எழுத்தும், ஒன்றும் ஐ எழுத்தும் சுலபமாக மாறும். எண் தேய்க்கப்பட்டோ சுரண்டப்பட்டோ இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் தொடாதீர்கள். தெரிந்தே அதை வைத்திருப்பதே குற்றம்.

சில வாங்குபவர்கள் முகவரி தரத் தயங்குவார்கள். அவர்களின் அந்தரங்கத்தை மதிக்கலாம், அப்படியானால் கடை வழியாகச் செய்துவிடலாம் என்று சொல்லுங்கள்.

எப்போது அது வியாபாரமாகிறது

வருடத்துக்கு ஐந்து விற்றால் பரவாயில்லை, ஆறாவது விற்றால் உரிமம் வேண்டும் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படி எண்ணிக்கை எதுவும் சட்டத்தில் கிடையாது. உங்கள் சேகரிப்பில் இருந்ததை எப்போதாவது விற்பது தனிநபர் விற்பனை. முதன்மையாக லாபத்துக்காக வாங்கி வாங்கி விற்பது வியாபாரம், அதற்கு உரிமம் வேண்டும். 2022 இல் சட்டத்தின் வாசகத்தை மாற்றியபோது, அது உங்கள் பிழைப்பாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் எடுத்துவிட்டார்கள்.

டெக்சாஸ்காரர்களுக்கு இது ஏட்டுச் சட்டம் இல்லை. 2019 ஆகஸ்ட் 31 அன்று மிட்லண்ட், ஒடெஸா நகரங்களில் ஒருவன் சுட்டுக்கொண்டே காரில் போனான், ஏழு பேர் இறந்தார்கள். 2014 இல் அவன் கடையில் வாங்கப் போய்ச் சோதனையில் மறுக்கப்பட்டவன். பிறகு லபக் நகரத்தில் ஒரு தனிநபரிடம் அந்த ரைஃபிளை வாங்கியிருந்தான். விற்றவர் உரிமமில்லாமல் வியாபாரம் செய்ததை ஒப்புக்கொண்டு, 2021 இல் இரண்டு ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். அந்தத் தண்டனையால் திரும்பி வந்தவர் யாரும் இல்லை.

மீதிச் சில

தபாலில் அனுப்பும் எண்ணம் வேண்டாம். வேறு மாநிலத்துக்கு என்றால் உங்கள் ஊர் கடைக்காரரிடம் கொடுத்து, அந்த ஊர் கடைக்காரருக்கு அனுப்பச் சொல்லுங்கள். இறந்தவரின் உயிலின்படியோ வாரிசு உரிமையிலோ வரும் துப்பாக்கிக்கு மாநில எல்லை தாண்ட விலக்கு உண்டு, வாரிசுக்குத் தடை எதுவும் இல்லாத வரையில். சைலன்சர், குட்டைக்குழல் ரைஃபிள், இயந்திரத் துப்பாக்கி எல்லாம் 1934 ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தில் வருகின்றன. அவற்றை ரசீது எழுதிக் கைமாற்றவே முடியாது, ஏ.டி.எஃப். ஒப்புதல் வந்த பிறகுதான் மாற்றலாம்.

கடைசியாக, வீட்டில் உங்களுக்கென்று ஒரு பட்டியல். ஏ.டி.எஃப். இதற்கென்றே தனிநபர் துப்பாக்கிப் பதிவுத் தாள் ஒன்றை இலவசமாக வெளியிடுகிறது, வெளியீட்டு எண் 3312.8. அதை நிரப்பி நீங்களே வைத்துக்கொள்ள வேண்டும், எங்கும் அனுப்பத் தேவையில்லை. துப்பாக்கி திருடுபோனால் போலீஸ் முதலில் கேட்பது வரிசை எண்ணைத்தான். எண் இல்லாமல் திருட்டுத் துப்பாக்கிகளின் தேசியப் பட்டியலில் அதைச் சேர்க்க முடியாது, எந்த ஊரில் கிடைத்தாலும் அது உங்களுடையது என்று யாருக்கும் தெரியாது.

அந்தப் பட்டியலையும் விற்ற ரசீதுகளையும் துப்பாக்கி இருக்கும் பெட்டகத்துக்குள்ளேயே பூட்டி வைக்காதீர்கள். பெட்டகத்தோடு தூக்கிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. நான் என்னுடையதை வீட்டுப் பத்திரமும் பாஸ்போர்ட்டுகளும் இருக்கும் கோப்பில் வைத்திருக்கிறேன். எங்கே இருக்கிறது என்று என் மனைவிக்கும் தெரியும்.